அசையும் வீட்டில் அசையாப் பொருள்கள்

சட்டத் தமிழில் சொத்து இருவகைப்படும்: அசையும் பொருள், அசையாப் பொருள். மத்திய அரசின் ஆவணங்களைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் எங்களைப் போன்றோர்க்கு இவை நாள்தோறும் எழுதிப் பழகிய சொற்கள். நிலமும் வீடும் அசையாதவை. வீட்டினுள் இருக்கும் கட்டில், பீரோ, மேஜை, நாற்காலி முதலியவை அசைவன. பிரெஞ்சு மொழியில் மரச்சாமானைக் குறிக்கும் சொல்லே, 'அசையத்தக்கது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ஆனால் இந்தப் பாகுபாடு தலைகீழாகும் இடம் ஒன்று உண்டு. வீடே சக்கரங்களின்மேல் ஏறிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லத் தொடங்கினால், அசைவது வீடாகிறது. அதனுள் இருக்கும் சாமான்களோ சிறிதும் அசையக் கூடாதவை ஆகின்றன.

படுக்கை, சமையல் மேடை, அலமாரி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்ட மோட்டார் வண்டியை மோட்டார் இல்லம் என்றும் கேரவன் என்றும் அழைக்கிறார்கள். அவ்வண்டியில் முன்பே பொருத்தப்பட்டுள்ள மரச்சாமான்களைக் கழற்றிவிட்டு வேறு சாமான்களை அமைக்க விரும்புவோர் எவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது செல்வர்களின் பொழுதுபோக்குத்தானே என்று நேயர்கள் இதனை ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. நடமாடும் நூலகம், நடமாடும் மருத்துவமனை, தெருவோரத்தில் நின்று சிற்றுண்டி விற்கும் வண்டி ஆகிய எல்லாவற்றிற்கும் பொருந்தும் கணக்கு ஒன்றே.

கேரவன் என்றதும் படப்பிடிப்பு இடங்களில் நடிகர்கள் ஓய்வு கொள்ளும் வண்டியே தமிழர் நினைவுக்கு வருகிறது. அச்சொல் பாரசீகத்தில் 'கார்வான்' என வழங்கியது; பாலைவழிகளில் கூட்டமாகச் செல்லும் வணிகர்களைக் குறித்தது. அத்தகைய வணிகக் கூட்டத்திற்குத் தமிழில் 'சாத்து' என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தைக்கு மாசாத்துவான் என்னும் பெயர் அமைந்திருப்பதை நேயர்கள் அறிவார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் விலங்குகளின் முதுகில் பொதியேற்றிச் சென்ற அந்த வணிகர்களுக்கு, இறுகக் கட்டாத பொதி வழியில் என்னவாகும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

பொழுதுபோக்குக்காகச் சக்கர வீட்டில் பயணம் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் 'வாண்டரர்' என்ற பெயருடைய குதிரை வண்டி ஒன்றை, பிரிஸ்டல் நகரத்து ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்வித்து, 1885-இல் அதில் நெடும்பயணம் மேற்கொண்டார். ரயில் பெட்டி கட்டுவோரிடம் அவர் சென்றது கருதத்தக்கது. ஓடும் பொருளுக்குள் மரவேலை செய்யும் வித்தை அவர்களிடம்தான் இருந்தது. பின்னர், 1951-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் வோக்ஸ்வாகன் வண்டிக்கென ஒரு மரப்பெட்டி அமைப்பை விற்றனர். விடுமுறை நாளில் அதனை வண்டிக்குள் வைத்துப் பூட்டினால் படுக்கையும் மேஜையும் கிடைக்கும். வேலை நாளில் கழற்றிவிட்டால் அதே வண்டி சரக்கு ஏற்றப் பயன்படும். சாமானை மாற்றுவது என்னும் எண்ணம் இவ்வண்டிகளின் தொடக்கத்திலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் இத்தொழிலுக்குரிய திறமை புதியதன்று. பெங்களூரின் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரயில் பெட்டிகளையும் பஸ் பாடிகளையும் கட்டியது. அந்த ரயில் பெட்டிப் பிரிவு பின்னர் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்திற்குச் சென்றது. சென்னைப் பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகள் நாடறிந்தவை. சேசிஸ் எனப்படும் வெற்றுச் சட்டமாக வரும் வண்டி, அங்கே கூடும் கூரையும் இருக்கையும் பெற்றுப் பஸ்ஸாக வெளியேறுகிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தபின் இத்தகைய வண்டிகளைப் பற்றித் தென்னாட்டில் பேச்சு மிகுந்துள்ளது. புதிய வண்டி வாங்க இயலாதவர்கள் பழைய வண்டியை வாங்கி உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள எண்ணுவதும் இயல்பே.

நாங்கள் வசிக்கும் லிங்கராஜபுரம், பெங்களூர்த் தண்டுப் பகுதியை அடுத்து, ரயில் பாதைக்கு அருகில் அமைந்தது. கம்மனஹள்ளியும் பாணசவாடியும் அண்டை ஊர்கள். தமிழும் கன்னடமும் உருதுவும் ஒரே கடை வாசலில் ஒலிக்கும் இடம். மரவேலை செய்வோர், இரும்பு வெல்டிங் செய்வோர், ரெக்ஸின் தைத்து இருக்கை அமைப்போர் என்று பலரும் இங்கே தொழில் நடத்துகிறார்கள். இங்கே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பிறர் பயன்படுத்திய கேரவன் ஒன்றை வாங்கினார். அவருடைய தாயாருக்கு எண்பதைக் கடந்த வயது. ஆகஸ்டு 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8-இல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் செல்லும் வழக்கத்தை விட அந்த அம்மையாருக்கு மனமில்லை. ரயிலில் ஏறி இறங்க முழங்கால் இடங்கொடுக்கவும் இல்லை. மகன் வண்டி வாங்கியதன் காரணம் இதுவே.

வண்டியின் பழைய உரிமையாளர் இளைஞர். படுக்கையை மார்பளவு உயரத்தில் அமைத்து, அதன் அடியில் சைக்கிள்கள் வைத்திருந்தார். தலைக்கு மேலே இருபுறமும் அலமாரிகள். கழிப்பறைக்குச் செல்லும் வழி ஒரு முழ அகலந்தான். முதியவர் ஒருவர் அதில் ஓர் இரவைக் கழிக்க இயலாது. தாழ்வான கட்டில், பற்றிக்கொள்ளக் கைப்பிடி, கழிப்பறைக்கு நேர்வழி ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஆசிரியர் தச்சு மேஸ்திரியை அழைத்தார். மேஸ்திரி கைதேர்ந்தவர், எத்தனையோ வீடுகளின் சமையலறைகளை அமைத்தவர். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் பெட்டிகளும், சமையல் மேடைக்குக் கருங்கல் பலகையும் அமைத்துத் தருவதாகக் கணக்கிட்டார். அவ்வேளையில் அங்கே வந்தவர் பஸ் பாடி கட்டும் தொழிலில் நரைத்த பெரியவர் ஒருவர். அவர் கூறியது இது: "மேஸ்திரி, வீட்டில் சாமான் நிற்கிறது. வண்டியில் சாமான் பிரயாணம் பண்ணுகிறது."

இவ்விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அதனைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். அதனுள் இருக்கும் அலமாரியும், அலமாரியில் இருக்கும் குக்கரும் அதே வேகத்தில்தான் செல்கின்றன. வண்டி எதன்மீதேனும் மோதிச் சட்டென்று நின்றால், கட்டப்படாத குக்கர் நிற்பதில்லை. வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெறும் வேகம் அது. வண்டியின் வேகம் 80 கிலோமீட்டர் என்றால் உயரம் 25 மீட்டர் ஆகிவிடுகிறது. வேகம் மூன்றிலொரு பங்கு கூடியதற்கு உயரம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னிருக்கையில் இருப்பவரின் தலைக்குப் பின்னால் நாம் எதை வைக்கிறோம், எதனால் கட்டுகிறோம் என்பது உயிரைப் பற்றிய வினா.

முதலில் எடையைப் பார்க்கலாம். எட்டடி நீளமும் நாலடி அகலமும் உடைய 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்று சுமார் 35 கிலோ எடையுள்ளது. அதே அளவில் 12 மில்லிமீட்டர் பலகை சுமார் 23 கிலோ. ஆறு பலகைகள் தேவைப்படும் வேலையில், மெல்லியதைக் கொள்வதால் மட்டும் 72 கிலோ மிச்சமாகிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது. கருங்கல் பலகை, 18 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு சதுர மீட்டருக்கு 48 கிலோவுக்குக் குறையாது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எவர்சில்வர் தகடோ சதுர மீட்டருக்கு 8 கிலோதான். லிங்கராஜபுரத்து வண்டியில் கருங்கல்லின் இடத்தை எவர்சில்வர் பெற்றது இக்கணக்கினால்தான். தண்ணீரை மறந்துவிடலாகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர்த் தொட்டி நிறைந்தால் நூறு கிலோ.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். நம் கோயில் தேர்களைக் கட்டியவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். தேரின் அடிப்பாகம் கனத்த மரத்தாலும் சிற்ப வேலையாலும் ஆனது. மேலே உயர உயர மூங்கிலும் துணியுமே. கண்ணுக்கு மலைபோல் தோன்றும் தேர் உண்மையில் அடியில் கனமும் முடியில் இலேசுமாக இருப்பதால்தான் வீதி மூலையில் திரும்பும்போது சாயாமல் நிற்கிறது. மோட்டார் இல்லத்திற்கும் அதே விதி. பாட்டரி, தண்ணீர்த் தொட்டி, அரிசி, பாத்திரங்கள் யாவும் தரையை ஒட்டி, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். தலைக்கு மேலுள்ள அலமாரிகளில் துணியும் போர்வையும் தவிர வேறொன்றும் வேண்டாம். பின் சக்கரத்திற்கும் பின்னால் பெரும்பாரத்தைத் தொங்கவிட்டால் வண்டியின் முன்பகுதி இலேசாகிவிடும். ஸ்டீயரிங் பிடிக்குக் கட்டுப்படாது. வலப்பக்கம் முழுவதும் சமையலறையும் இடப்பக்கம் வெறும் இருக்கையுமாக அமைத்தால் வண்டி ஒருபுறம் சாய்ந்தே ஓடும். அப்பக்கத்து டயர்களும் வில்களும் விரைவில் தேயும்.

அடுத்தது பழைய சாமான்களைக் கழற்றும் வேலை. புதியதைப் பொருத்துவதைக் காட்டிலும் இதில்தான் மிகுந்த நிதானம் தேவை. தொடங்குமுன் பாட்டரி இணைப்பையும் எரிவாயு உருளையையும் துண்டித்து அப்புறப்படுத்த வேண்டும். அலமாரிக்குப் பின்னால் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் ஆகியவை செல்லக்கூடும். பலகையைக் கடப்பாரையால் நெம்புவது வீட்டுக்கே நல்லதன்று. வண்டிக்கு முற்றிலும் ஆகாது. கட்டியவர் எதை இறுதியில் பொருத்தினாரோ அதை முதலில் கழற்ற வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து எண்ணிட்டு, அதன் திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் வைத்தல் நலம்.

இங்கே அறிய வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. சரக்கு வேனை மாற்றிக் கட்டிய வண்டிகளில் கூரையைத் தாங்குவது இரும்புக் கூடு. ஆனால் இலேசான சட்டத்தின்மேல் மெல்லிய சுவர்களை நிறுத்திக் கட்டிய வண்டிகளில், அலமாரிகளும் தடுப்புப் பலகைகளும் வெறும் சாமான்கள் அல்ல. சுவரைச் சுவரோடும் கூரையைத் தரையோடும் பிணைக்கும் வேலையை அவையும் செய்கின்றன. அவை அனைத்தையும் ஒரே நாளில் அகற்றினால் கூரை தாழலாம். சுவர் வெளியே பிதுங்கலாம். எது அலங்காரம், எது தூண் என்று தெரியும்வரை கை வைக்கக் கூடாது. ஐயமுள்ள இடத்தில் ஒன்றை எடுத்தால், அதன் இடத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

கழற்றியபின் எஞ்சுவன துளைகள். இவற்றை எவரும் பொருட்படுத்துவதில்லை. 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தில் வடகரையில், நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்திற்காக ஓடிய ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம். கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அவ்வண்டியை இயக்கிச் சோதித்தபோது, வாயு வண்டியின் தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே வந்தது தெரியவந்தது. அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவரை அது எழுப்புவதில்லை. ஆதலால் பழைய கட்டிலின் காலை எடுத்தபின் தளத்தில் நிற்கும் துளை, பழைய குழாயை எடுத்தபின் சுவரில் நிற்கும் துளை ஆகிய ஒவ்வொன்றையும் எண்ணி, உலோகத் தகடும் ரப்பரும் அடைப்புப் பசையும் கொண்டு மூட வேண்டும். கம்பி செல்ல வேண்டிய துளையாயின் அதற்குரிய ரப்பர் வளையம் இட்டு, சுற்றிலும் அடைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையருகில் பொருத்துவது புதிய அலமாரியைக் காட்டிலும் அவசியமானது. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடிக்கொண்டிருக்கும் நிறுத்திய வண்டியில் எவரும் உறங்கலாகாது.

இனிப் புதிய சாமான்களைப் பொருத்தும் முறை. வீட்டில் சுவர் செங்குத்தானது, மூலை நேரானது. வண்டியிலோ சுவர் வளைந்திருக்கும். மூலைமட்டம் அங்கே உதவாது. முதலில் தடித்த அட்டையைச் சுவரோடு ஒட்டிவைத்து, வளைவுக்கேற்பக் கத்தரித்து, அந்த மாதிரியைக் கொண்டே பலகையை அறுக்க வேண்டும். வெறும் ஆணிக்கு இவ்வேலையில் இடமில்லை. சாலையின் அதிர்ச்சி ஆணியை நாளொன்றுக்கு மயிரிழையாக வெளியே தள்ளிவிடும். வண்டியின் வெளித் தகட்டில் திருகாணியை இறக்குவதும் கூடாது. தகடு மெல்லியது, பாரம் தாங்காது, அத்துளையில் மழைநீர் புகுந்து துருவும் பிடிக்கும். தகட்டுக்குப் பின்னுள்ள இரும்பு விலாக்களிலும் தளத்தின் குறுக்குச் சட்டங்களிலும், அகன்ற வாஷரும் தளராத நட்டும் இட்டுப் போல்ட்டால் முடுக்க வேண்டும். பலகைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் இடத்தில் பசையும் திருகாணியும் சேர்ந்து வேண்டும். உட்புற மூலைகளில் மரக்கட்டைத் துணை வேண்டும். பிளைவுட்டின் விளிம்பில் இறக்கிய திருகாணிக்குப் பிடிப்புக் குறைவு என்பதைத் தச்சர்கள் அறிவார்கள்.

ஆயினும் எங்கும் இறுக்கமே நன்று என்று கருதிவிடவும் கூடாது. மேடுபள்ளத்தில் வண்டியின் கூடு சிறிது முறுக்கிக்கொள்ளும். பெட்டியும் சுவரும் நேரே உராயும் இடங்களில் ரப்பரோ கம்பளித் துண்டோ வைத்தால் முறுக்கத்திற்கு இடம் கிடைக்கும். கிறீச்சிடும் ஒலியும் நிற்கும். அலமாரிக் கதவுகளுக்கு வீட்டில் பயன்படும் காந்தப் பிடிப்பு இங்கே போதாது. அழுத்தித் திறக்கும் பூட்டோ தாழ்ப்பாளோ வேண்டும். இழுப்பறை தானே திறந்துகொள்ளாதவாறு ஒரு தடை வேண்டும். மேஜை முனைகளை வட்டமாக இழைத்துவிட வேண்டும். ஆடும் வண்டியில் முதியவரின் இடுப்பு அவற்றின்மேல்தான் மோதும். கைப்பிடி, மனிதர் ஒருவரின் முழு எடையும் ஒரே கணத்தில் தொங்கும் பொருள். அதன் பின்னால் இரும்பு இருக்க வேண்டும்.

பலகையிலும் தரம் பார்க்க வேண்டும். இந்தியத் தரக் கட்டளைகளில் ஐ.எஸ். 303 பொதுப் பயன் பிளைவுட்டுக்கும், ஐ.எஸ். 710 நீரைத் தாங்கும் கப்பல்தர பிளைவுட்டுக்கும், ஐ.எஸ். 5509 தீயை எதிர்க்கும் பிளைவுட்டுக்கும் உரியவை. கழிப்பறை ஓரத்திற்குக் கப்பல்தரமும், அடுப்பை ஒட்டிய பகுதிக்குத் தீ எதிர்ப்புத் தரமும், அதன்மேல் உலோகத் தகடும் பொருத்தம். தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் உழவர்கள் பயிரிடும் மலைவேம்பு பிளைவுட்டுக்குப் பயன்படும் இலேசான மரங்களுள் ஒன்று. மரத்தை ஆராய்ந்து பயன்படுத்தும் மரபு பெங்களூருக்குப் பழையது. மைசூர் அரசு இந்நகரில் வன ஆராய்ச்சிச் சாலையை நிறுவியது 1938-இல். மெத்தைப் பஞ்சும் ரெக்ஸினும் தீயில் விரைந்து எரிந்து நச்சுப்புகை கக்குபவை. வண்டிகளின் உட்பொருள் எரியும் வேகத்திற்கு ஐ.எஸ். 15061 என்னும் கட்டளை வரம்பு விதிக்கிறது; அதற்கிணங்கிய துணியையே கேட்டு வாங்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். உருளை வைக்கும் பெட்டி உட்புறம் முற்றிலும் அடைபட்டு, அதன் அடியில் வெளிப்புறத்துக்கு மட்டும் திறப்பு உடையதாக இருத்தல் வேண்டும்.

தீ என்றவுடன் வெளியேறும் வழி நினைவுக்கு வர வேண்டும். 2013 அக்டோபர் 30 அன்று, பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற பஸ் ஒன்று பாலெம் என்னும் இடத்தில் விடியற்காலையில் மதகில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் மாண்டனர். உறக்கத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரம் எத்தனை குறைவு என்பதை இந்நகரத்தார் அன்று கண்டனர். லிங்கராஜபுரத்து வண்டியில் பழைய உரிமையாளர் அமைத்த பெரிய அலமாரி, பின்கதவைப் பாதி மறைத்து நின்றது. புதிய அமைப்பில் முதலில் தீர்மானிக்கப்பட்டது கட்டிலின் இடம் அன்று; பின்கதவு தடையின்றித் திறக்க வேண்டும் என்பதே. இருளில், கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலிலிருந்து கதவுவரை கையால் தடவிச் செல்ல இயலுமா என்று ஆசிரியர் தாமே நடந்து பார்த்தார். பிறகு தம் தாயாரையும் நடக்கச் செய்தார். அந்த அம்மையாரின் கை எட்டிய உயரத்தில்தான் கைப்பிடி பொருத்தப்பட்டது. நாடா அளவு அதனைச் சொல்லியிராது.

சட்டத்தைப் பற்றியும் கூற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், இப்பிரிவின் கண்டிப்பை வலியுறுத்தியது. மோட்டார் கேரவன்களுக்கு ஒப்புதல் வழங்கும் முறைக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தனித் தரநிலையும் உண்டு. பழைய அலமாரியின் இடத்தில் அதே போன்ற அலமாரியை வைப்பது வேறு. இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்றுவது, வெற்று எடையைக் கூட்டுவது, கூரையை வெட்டுவது வேறு. இருக்கைகளின் எண்ணிக்கையும் வெற்று எடையும் பதிவுச் சான்றில் எழுதப்பட்டுள்ளன. அவற்றைத் தொடும் எந்த மாற்றத்திற்கும், வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுக வேண்டும், முடிந்தபின் அன்று. வண்டி ஓடும்போது மனிதர் அமரும் இருக்கையும் அதன் பெல்ட்டும் தச்சருக்கு உரிய வேலை அல்ல. பெல்ட்டின் பிடி வண்டியின் எஃகுச் சட்டத்தோடு பிணைந்தது. மரப்பெட்டியின்மேல் மெத்தை போட்டு அதனைப் பிரயாண இருக்கை என்று சொல்லிவிட இயலாது. ஓடும்போது எத்தனை பேருக்கு முறையான இருக்கை உண்டோ அத்தனை பேரே வண்டியில் இருக்கலாம். கட்டிலில் எவரும் படுத்திருக்கலாகாது.

இத்தனை விதிகளையும் கேட்ட நேயர்கள், இது பொறியாளர்களின் வேலை, நமக்கு எட்டாதது என்று சோர்வடைய வேண்டா. லிங்கராஜபுரத்தில் அவ்வேலையைச் செய்து முடித்தவர் அதே வீட்டுத் தச்சு மேஸ்திரிதான். பாடி கட்டும் பெரியவர் அருகிருந்து இரும்பு விலா எங்கே இருக்கிறது என்று தட்டிக் காட்டினார். மேஸ்திரி அங்கே மரத்தைச் சேர்த்தார். இழைப்பின் நேர்த்தியும் கீல்களின் அமைதியும் மேஸ்திரிக்கு உரியவை. எடையும் அதிர்ச்சியும் பெரியவருக்கு உரியவை. ஒருவர் மட்டும் செய்திருந்தால், அழகான ஆபத்தோ முரடான பத்திரமோ கிடைத்திருக்கும். இருவரையும் ஒருங்கே அழைத்துக் கூலி கொடுப்பதில் சிக்கனம் பார்க்கலாகாது. சிக்கனத்தை மைக்காவின் பளபளப்பில் காட்டலாம்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. வேலை முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, பாத்திரமும் படுக்கையும் ஏற்றி, பயணம் செய்வோர் அனைவரும் அமர்ந்து, வண்டியை எடைமேடைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முழு எடையும், முன் சக்கரங்களின் எடையும், பின் சக்கரங்களின் எடையும் தனித்தனியே எடுத்து, உற்பத்தியாளர் குறித்த வரம்புகளோடு ஒப்பிட வேண்டும். பிறகு நெடுஞ்சாலைக்குச் செல்லாமல், வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த நகரத் தெருக்களிலேயே ஒரு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பெங்களூரில் பஞ்சமில்லை. எந்தக் கதவு திறந்துகொள்கிறது, எந்த மூலை ஒலிக்கிறது என்று ஒருவர் உள்ளிருந்து குறித்துக்கொள்ள வேண்டும். முதல் நூறு கிலோமீட்டர் கழிந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் மீண்டும் முடுக்க வேண்டும். புதிய மரம் சிறிது அமுங்கி, முடுக்கிய நட்டு அப்போது தளர்ந்திருக்கும்.

அதன்பின் ஒவ்வொரு முறை புறப்படுமுன்பும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கருவி எதுவும் தேவையில்லை. கட்டில், அலமாரி, மேஜை, கைப்பிடி என்று ஒவ்வொன்றின்மேலும் கையை வைத்து, பலமாக ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசையவில்லையாயின் வண்டியை எடுக்கலாம். அசைந்தால், அன்றைய பயணம் மறுநாளைக்கு இருக்கட்டும்.